கம்பியும் பங்கும் கைத்தொலைபேசியும்: மலேசியத் தொலைத்தொடர்புத் தாராளமயமும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும்

முன்னுரை

மலேசியாவில் 1980களில் தொடங்கிய தனியார்மயக் கொள்கையைப் பொருளியலாளரும் அரசறிவியலாளரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகளில் தொலைத்தொடர்புத் துறைக்குத் தனி இடம் உண்டு. அரசுத் துறையொன்று நிறுவனமாகி, பங்குச் சந்தையில் இடம்பெற்று, பின்னர்ப் போட்டியாளர் பலரைச் சந்தித்த வரலாற்றை அத்துறையில் முழுமையாகக் காணலாம் என்பதே காரணம். எனினும் அவ்வாய்வுகள் நிறுவனங்களையும் உரிமங்களையும் மூலதனத்தையும் மையமாகக் கொண்டவை. இம்மாற்றம் ஒரு சிறுபான்மைச் சமூகத்தை எவ்வாறு தொட்டது என்னும் வினா அவற்றில் ஓரமாகவே நிற்கின்றது.

இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் தொலைத்தொடர்புத் துறையோடு மூன்று வகைகளில் உறவு கொண்டனர். அரசுத் துறையாக இருந்த காலத்தில் அவர்கள் அதன் ஊழியர்கள். துறை நிறுவனமானபோது அதன் பங்குதாரர்களாக முயன்றவர்கள். சந்தை திறக்கப்பட்டபின் அதன் நுகர்வோர். முதல் உறவு நலிந்தது. இரண்டாவது பெரிதும் கைகூடவில்லை. மூன்றாவது மட்டுமே விரிந்தது. தாராளமயத்தின் பயனை இணைப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. இம்மூன்று உறவுகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது நமது கருத்து.

தொடங்குமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அரசின் உடைமை தனியாரிடம் செல்வது தனியார்மயம். ஒருவருக்கு மட்டும் உரிய சந்தையில் பிறரும் நுழைய இடமளிப்பது தாராளமயம். விலை, நுழைவு, சேவை ஆகியவற்றின் மீதுள்ள அரசுக் கட்டுப்பாடுகளைக் குறைப்பது ஒழுங்குமுறைத் தளர்வு. மலேசியாவில் இம்மூன்றும் ஒரே நேரத்தில் நிகழவில்லை. தனியார்மயம் 1987இல் வந்தது. போட்டி 1990களின் நடுவில் வந்தது. ஒழுங்குமுறைக்கெனத் தனி ஆணையம் 1998இல்தான் அமைந்தது. இவ்வரிசையே பின்னர் எழுந்த பல சிக்கல்களுக்கு அடிப்படையாயிற்று.

1. துறையாக இருந்த காலம்

மலாயாவில் தந்தியும் தொலைபேசியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் வேரூன்றின. பேராக்கின் ஈயச் சுரங்கப் பகுதிகளை ஆங்கிலேய நிருவாகத்தோடு இணைக்க வேண்டிய தேவை அதற்குத் தூண்டுதலாயிற்று. கோலாலம்பூரின் முதல் தொலைபேசி நிலையம் 1891இல் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1946இல், தொலைத்தொடர்பு அஞ்சலிலிருந்து பிரிந்து தனித் துறையாயிற்று.

காலனிய அரசு இருப்புப்பாதை, பொதுப்பணி, அஞ்சல், தந்தி ஆகிய துறைகளுக்குத் தென்னிந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆள் சேர்த்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் எழுத்தர்களாகவும் நிலையப் பொறுப்பாளர்களாகவும் அமர்ந்தனர். தமிழகத்துத் தொழிலாளர் கம்பம் நடுதல், கம்பி இழுத்தல், குழி தோண்டுதல் போன்ற பணிகளைச் செய்தனர். பிரிக்பீல்ட்ஸ் பகுதி தமிழர் குடியிருப்பாக வளர்ந்ததற்கு இருப்புப்பாதைப் பணிமனைகளும் அரசு ஊழியர் குடியிருப்புகளுமே முதற்காரணம். தோட்டத்திற்கு வெளியே தமிழருக்கு நிலையான ஊதியமும் ஓய்வூதியமும் அளித்த தொழில்களுள் தொலைத்தொடர்பும் ஒன்று. அத்தகைய குடும்பங்களில் ஒரு தலைமுறைக்குள் கல்வி உயர்ந்தது. பிள்ளைகள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆயினர். மலேசியத் தமிழரிடையே நடுத்தர வகுப்பு உருவான வரலாற்றில் இவ்வரசுப் பணிகளின் பங்கு பெரிது.

அரசியல் தளத்திலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக 1955 முதல் 1973 வரை விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் 1960களில் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகவும் இருந்தார். அவரே தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர். தோட்டத் தொழிலாளர் மாதந்தோறும் 10 வெள்ளி செலுத்திப் பங்காளராகித் தோட்டங்களையே வாங்கலாம் என்பது அச்சங்கத்தின் அடிப்படை. சிறுசேமிப்பைத் திரட்டி உடைமையாக்கும் இவ்வெண்ணத்தை மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. முப்பது ஆண்டுகளுக்குப்பின் தொலைத்தொடர்புப் பங்கு வெளியீட்டின்போது இதே எண்ணம் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது.

விடுதலைக்குப்பின் அரசுப் பணிக்குக் குடியுரிமை இன்றியமையாததாயிற்று. 1970இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை அரசுப் பணியமர்த்தலின் இயல்பையும் மாற்றியது. ஆகவே தொலைத்தொடர்புத் துறையில் தமிழரின் இடம் தனியார்மயத்திற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. இதனைத் தனியார்மயத்தின் விளைவாக மட்டும் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது.

2. துறை நிறுவனமாதல்: 1983–1990

பிரதமர் மகாதீர் முகமது 1983இல் தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். அரசின் நிதிச்சுமையைக் குறைத்தல், திறனை உயர்த்துதல், புதிய பொருளாதாரக் கொள்கையின் பங்குடைமை இலக்குகளை நிறைவேற்றுதல் ஆகியவை அதன் நோக்கங்களாகச் சொல்லப்பட்டன. கிள்ளான் துறைமுகத்தின் கொள்கலன் முனையம் 1986இல் தனியாரிடம் சென்றது. அடுத்து வந்த பெரிய மாற்றம் தொலைத்தொடர்பு.

தொலைபேசிக்கு விண்ணப்பித்து நெடுங்காலம் காத்திருத்தல் அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. அரசு பெருந்தொகை செலவிட்டு இணைப்புகளைப் பெருக்க முனைந்தது. கம்பி வடம் பதிக்கும் பணி பூமிபுத்ரா ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1985இல் ஆத்தூர் 450 என்னும் கைத்தொலைபேசிச் சேவையையும் துறையே தொடங்கியது. வாகனத்தில் பொருத்தும் அளவுக்குப் பெரிதாகவும் செல்வர்க்கு மட்டுமே இயலும் விலையிலும் அக்கருவி இருந்தது.

1984 அக்டோபரில் தெலிகோம் மலேசியா நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதற்கான சட்டம் 1985இல் நிறைவேறியது. 1987 சனவரி 1ஆம் நாள் துறையின் சொத்துகளும் பணிகளும் நிறுவனத்திற்கு மாறின. ஏறத்தாழ 28,000 ஊழியரும் உடன் மாறினர். ஐந்தாண்டுகளுக்கு எவரும் பணிநீக்கம் செய்யப்படமாட்டார் என்ற உறுதி அளிக்கப்பட்டது. பழைய அரசுப் பணி நிபந்தனைகளையோ புதிய நிறுவன நிபந்தனைகளையோ ஊழியர் தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பிருந்தது. தொழிற்சங்கத்தின் ஐயங்களைத் தணித்ததில் இவ்வேற்பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

எஞ்சி நின்ற பழைய துறை ஒழுங்குமுறை அமைப்பாயிற்று. நேற்றுவரை ஒரே கூரையின்கீழ் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் சேவை வழங்கினர். சிறு பகுதியினர் அச்சேவையை மேற்பார்வையிட்டனர். உரிமம் வழங்கும் அதிகாரமோ அமைச்சரிடமே இருந்தது. மேற்பார்வை அமைப்பு வலுப்பெறுமுன்பே உடைமை மாறிவிட்டது என்பதே மலேசிய அனுபவத்தின் தனித்தன்மை.

நிறுவனம் 1990 நவம்பர் 7ஆம் நாள் கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பங்கின் வெளியீட்டு விலை 5 ரிங்கிட். பெரும்பான்மைப் பங்கை நிதியமைச்சு தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே இது முழுத் தனியார்மயமன்று. அரசே பெரும் பங்குதாரராக இருந்து இலாபம் நோக்கி இயங்கும் நிறுவனம் உருவாயிற்று எனலாம்.

3. பங்குதாரராகும் முயற்சி: மைக்கா

மலேசிய நிறுவனங்களின் பங்குடைமையில் இந்தியர் பங்கு 1990இல் 1.0 விழுக்காடு என்றும், 1999இல் 1.5 விழுக்காடு என்றும், 2004இல் 1.2 விழுக்காடு என்றும் அரசின் ஐந்தாண்டுத் திட்ட ஆவணங்கள் குறிக்கின்றன. இந்நிலையை மாற்றும் நோக்குடன் ம.இ.கா. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 106 மில்லியன் ரிங்கிட் அளவில் முதலீடு செய்தனர். அவர்களில் பலர் தோட்டத் தொழிலாளரும் குறைந்த வருவாயினரும் ஆவர். நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் ஒரு ரிங்கிட் பங்குகளை வாங்கியோர் உண்டு. சம்பந்தன் காலத்துக் கூட்டுறவு எண்ணம் இங்கு நிறும வடிவம் பெற்றது எனலாம்.

தெலிகோம் பங்கு வெளியீட்டின்போது நிதியமைச்சு இந்தியச் சமூகத்தின் பொருட்டு மைக்காவுக்கு 10 மில்லியன் பங்குகளை ஒதுக்கியது. மைக்காவைச் சென்றடைந்தவை 1 மில்லியன் பங்குகளே. எஞ்சிய 9 மில்லியன் பங்குகள் வேறு மூன்று தனியார் நிறுவனங்களுக்குச் சென்றன. இச்செய்தி 1992இல் பொதுவெளிக்கு வந்தபோது சமூகத்திலும் நாடாளுமன்ற அரசியலிலும் கடும் விவாதத்தை எழுப்பியது. அப்போது ம.இ.கா. தலைவராக இருந்த ச. சாமிவேலுவே 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சராகவும் இருந்தார். முழு ஒதுக்கீட்டையும் வாங்கும் நிதியை மைக்காவால் திரட்ட இயலவில்லை என்பது கட்சித் தரப்பின் விளக்கம். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரணை நடத்தியது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

இவ்விவகாரத்தில் தனிமனிதர்களைப் பற்றித் தீர்ப்புரைப்பது நமது நோக்கமன்று. ஆய்வாளர் கருத வேண்டியது அதன் அமைப்பு. 10 மில்லியன் பங்குகளை 5 ரிங்கிட் வீதம் வாங்க 50 மில்லியன் ரிங்கிட் தேவை. இது மைக்கா பங்குதாரரிடமிருந்து திரட்டிய முழுத் தொகையில் ஏறத்தாழப் பாதி. எனவே சமூகத்தின் பெயரால் ஒதுக்கீடு பெறுவது ஒன்று. அதற்கு விலை கொடுக்கும் நிதியைத் திரட்டுவது வேறொன்று. இரண்டிற்கும் இடையே நிகழ்ந்தவற்றைப் பங்குதாரர் அறியும் வழி இல்லாமற் போயிற்று என்பதே அடிப்படைக் குறை. ஒதுக்கீடு சமூகத்திற்கு உரியது, முடிவெடுத்தவரோ சிலர், கணக்குக் கேட்கும் முறையோ வலுவற்றது. வெளிப்படையான ஏலமோ பொது விற்பனையோ இன்றி இன அடிப்படையிலான ஒதுக்கீட்டின் வழியே தனியார்மயப் பயன்களைப் பகிரும்போது, இடையில் நிற்போரின் நேர்மையையே சமூகம் நம்பியிருக்க நேர்கிறது.

மைக்காவின் பிற்கால வரலாறு அறியப்பட்டதே. நெடுங்காலம் முதலீட்டாளர் ஏக்கத்துடன் காத்திருந்தனர். 2010இல் தொழிலதிபர் ஜி. ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் விலையில் வாங்க முன்வந்தது. ஒரு ரிங்கிட் செலுத்தியவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் முதலைக்கூட முழுமையாகப் பெறவில்லை.

4. உரிமங்களும் பிரிக்பீல்ட்ஸ் மைந்தரும்

கைத்தொலைபேசித் துறையில் போட்டி 1980களின் இறுதியில் அரும்பியது. தெலிகோமைப் பங்காளியாகக் கொண்டு தோன்றிய செல்கோம் விரைவில் தாஜுடின் ரம்லியின் நிறுமக் குழுவிடம் சென்றது. 1993க்கும் 1995க்கும் இடையில் மொபிகோம், பினாரியாங், முத்தியாரா, சப்புரா டிஜிட்டல் ஆகியன உரிமம் பெற்றன. ரெனோங் குழுமத்தின் டைம் நிறுவனம் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி ஒளியிழை வடம் பதித்தது. 1994இல் அரசு 2020ஆம் ஆண்டு வரையிலான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை வெளியிட்டது. குறுகிய காலத்தில், இரண்டு கோடி மக்கள்தொகை கொண்ட நாட்டில், பல நிறுவனங்கள் தனித்தனியே வலையமைப்புகளைக் கட்டத் தொடங்கின.

இவ்வுரிமங்கள் பொது ஏலத்தின்வழி வழங்கப்பட்டவை அல்ல. திட்டத்தை முதலில் முன்வைப்போர்க்கு முன்னுரிமை என்னும் முறையே அக்காலத் தனியார்மயத்தில் பரவலாக நிலவியது. ஜோமோ குவாமே சுந்தரம் போன்ற பொருளியலாளர்கள் இம்முறையைக் கடுமையாகத் திறனாய்ந்தனர். உரிமத்தின் மதிப்பு அரசுக் கருவூலத்தைச் சேராது பெற்றவரையே சேர்கிறது என்பது அவர்தம் வாதம்.

இந்தியாவோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். இந்தியாவிலும் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 1994இல்தான் வெளியாயிற்று. ஆயினும் அங்கு உரிமங்கள் ஏலத்தின்வழி வழங்கப்பட்டன. 1997இல் ஒழுங்குமுறை ஆணையமும் அமைந்தது. 2008இல் முதலில் வருவோர்க்கு முதலில் என்ற முறையில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் நீக்கியது. அதனோடு தொடர்புடைய குற்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விசாரணை நீதிமன்றம் 2017 டிசம்பரில் விடுவித்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆயினும் அம்முறை நியாயமானதா என்னும் கேள்விக்கு நீதிமன்றம் விடை கூறியது. மலேசியாவில் 1990களின் உரிமங்கள் அத்தகைய நீதிமன்ற ஆய்வுக்கு உட்படவில்லை.

பினாரியாங் நிறுவனத்தின் பின்னணியில் இருந்தவர் த. ஆனந்த கிருஷ்ணன். 1938இல் பிரிக்பீல்ட்சில் யாழ்ப்பாணத் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்து, அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்று, விக்டோரியா கல்விக்கூடத்திலும் மெல்பர்னிலும் ஹார்வர்டிலும் கற்றவர். 2024 நவம்பரில் மறைந்தார். பினாரியாங் 1995இல் மேக்சிஸ் என்ற பெயரில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 1996 சனவரியில் மீசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. பிற்காலத்தில் மேக்சிஸ் 2006இல் தமிழகத்தில் தோன்றிய ஏர்செல் நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. ஏர்செல் 2018இல் நொடித்துப்போனது. தெலிகோம் மலேசியாவோ 1990களிலேயே இலங்கையின் டயலொக் நிறுவனத்தில் முதலீடு செய்திருந்தது. தமிழர் வாழும் இரு நாடுகளுக்கும் மலேசிய மூலதனம் பாய்ந்த காலமாக இதனைக் காண்கிறோம்.

ஆனந்த கிருஷ்ணனின் உயர்வைச் சமூகத்தின் பொருளாதார உயர்வாகக் கொள்வதில் தயக்கம் தேவை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய ஒருவரின் சாதனை என்ற வகையில் அது பெருமைக்குரியது. ஆயின் மேக்சிஸ் நாட்டின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த அதே ஆண்டுகளில் இந்தியரின் பங்குடைமை 2 விழுக்காட்டையும் எட்டவில்லை என்றே அரசு ஆவணங்கள் காட்டின. ஒருவர் உயர்வதும் 66,000 பேர் உயர்வதும் வெவ்வேறு வரலாறுகள்.

5. பெருவழியும் இடம்பெயர்ந்த தோட்டங்களும்

1996இல் மகாதீர் அரசு பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. கோலாலம்பூர் மாநகர மையத்திலிருந்து புதிய விமான நிலையம் வரை நீண்ட அப்பெருவழியில் புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் புதிய நகரங்களாக எழுந்தன. அதற்கேற்பத் தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு, கணினி வலையமைப்பு ஆகியவற்றை ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவரும் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998இல் நிறைவேறியது. 1998 நவம்பரில் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிறுவப்பட்டது. 1999 ஏப்ரல் 1ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பழைய தொலைத்தொடர்புத் துறை மறைந்தது. இணையத் தணிக்கைக்கு இச்சட்டம் இடந்தருவதாகக் கொள்ளலாகாது என்ற விதியும் அதில் இடம்பெற்றது.

இப்பெருவழிக்கு ஒரு நிலவியல் உண்டு. புத்ராஜெயா எழுந்த இடத்தில் பிராங் பெசார், செட்ஜ்லி, காலோவே, மேடிங்லி ஆகிய தோட்டங்கள் இருந்தன. அங்குத் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. தரமான வீடு வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை நீண்ட காலம் தொடர்ந்தது. மின்னாளுகைக்கென அமைந்த நகரம், தன் நிலத்தில் முன்பு வாழ்ந்தவரை அந்நகருக்கு வெளியே குடியேற்றியது.

உலு லங்காட் மாவட்டத்துச் செமினியும் இதே வரலாற்றின் மற்றொரு பக்கம். ரின்சிங் போன்ற தோட்டங்களும் அவற்றின் தமிழ்ப்பள்ளிகளும் கொண்ட இவ்வட்டாரம், காஜாங் நகரின் விரிவால் படிப்படியாக வீடமைப்புப் பகுதியாக மாறியது. நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005இல் இங்கு அமைந்தது. ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் வீடுகள் எழுந்தபோது தொலைபேசி வடமும் அவ்வீடுகளோடு வந்தது. தோட்டமாக இருந்தவரை அது அங்குள்ள தொழிலாளரைச் சென்றடைந்ததா என்பதே வினா.

6. நுகர்வோராதல்: தோட்டத்துத் தொலைபேசியும் முன்கட்டண அட்டையும்

தோட்டங்களில் தொலைபேசி துரையின் பங்களாவிலும் அலுவலகத்திலும் இருந்தது. தொழிலாளிக்கு அவசரச் செய்தி வந்தால் கிராணி வழியாகவே வரும். லயத்து வீடு நிருவாகத்தின் உடைமை; நிலமும் தனியார் நிலம். கம்பி இழுக்கத் தோட்ட நிருவாகத்தின் இசைவு தேவை. வேலை உள்ளவரை மட்டுமே வீடு என்ற நிலையில் வாழ்ந்தவர் தம் பெயரில் இணைப்புக் கேட்பது எளிதன்று. குடிநீருக்கும் மின்சாரத்திற்கும் நேர்ந்த அதே தடை தொலைபேசிக்கும் நேர்ந்தது. கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் கம்பங்களை நோக்கின. தோட்டம் தனியார் நிலம் என்பதால் வெளியே நின்றது.

1998ஆம் ஆண்டுச் சட்டம் அனைவருக்கும் சேவை என்னும் கடப்பாட்டை வகுத்தது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் எடையிடப்பட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டை அதற்கான நிதிக்குச் செலுத்த வேண்டும். தேசியச் சராசரியைவிடத் தொலைபேசி அடர்த்தி மிகக் குறைந்த பகுதிகள் அந்நிதிக்கு உரியவையாயின. இவ்வளவுகோல் சபா, சரவாக் உட்புறங்களுக்குப் பொருத்தமானது. தலைநகரை ஒட்டிய மாவட்டத்தில் அமைந்த தோட்டம் அத்தகைய சராசரிக் கணக்கில் எளிதில் மறைந்துவிடும். சுற்றிலும் வசதி நிறைந்திருக்க, நடுவே வசதியற்றிருப்போரைச் சராசரி காட்டுவதில்லை.

இத்தடையைக் கடக்க உதவியது அரசுத் திட்டத்தைக் காட்டிலும் சந்தையே என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். முத்தியாரா பின்னர் டிஜி எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 1998இல் முன்கட்டணச் சேவையை அறிமுகப்படுத்தியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இச்சேவைக்கு முன்பணமோ சம்பளச் சீட்டோ நிலையான முகவரியோ தேவைப்படவில்லை. தோட்டத்திலிருந்து வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பிலும் நீண்ட வீடுகளிலும் மலிவு அடுக்குமாடியிலும் வாழ்ந்தோருக்கு இது பொருந்தியது. முகவரி மாறினாலும் எண் மாறவில்லை. நாட்டில் கைத்தொலைபேசி இணைப்புகள் 2000ஆம் ஆண்டில் 5 மில்லியனைக் கடந்து நிலைத்தொலைபேசியை முந்தின. முன்கட்டண எண்களைப் பதிவு செய்தல் 2006இல் கட்டாயமாயிற்று.

இதன் விலையையும் கருத வேண்டும். முன்கட்டணத்தில் ஒரு நிமிட உரையாடலின் கட்டணம் மாதக் கட்டணச் சந்தாதாரர் செலுத்துவதைவிடப் பொதுவாக மிகுதி. குறைந்த வருவாயினர் சிறு சிறு தொகையாகச் செலுத்தி, கூடுதல் விலை கொடுத்தனர். ஆயினும் கிராணியின் இசைவை வேண்டி நின்ற நிலையோடு ஒப்பிட்டால் அது விடுதலையே.

7. மொழியும் பள்ளியும்

தாராளமயம் தமிழ்மொழிக்கு எதிர்பாராத களமொன்றைத் திறந்தது. கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகமே அம்மாநாட்டுக்கு இடமளித்தது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத உதவும் செல்லினம் 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. உரோமன் எழுத்தில் தமிழை எழுதிப் பழகியிருந்த இளையோர்க்குத் தமிழ் எழுத்தே கைக்கு வந்தது.

பள்ளிகளின் நிலை வேறு. 2011இல் ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளை இணையத்தோடு இணைக்கும் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 2019இல் அது முடிவுக்கு வந்தது. மறு ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இல்லத்தில் ஒரே கைத்தொலைபேசியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்துகொண்டு கற்ற நிலையைத் தமிழாசிரியர் நேரில் அறிவர். 2010 மார்ச்சில் அதிவேக அகண்ட அலைவரிசைச் சேவை முதன்முதலில் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய இடங்களில் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் 11.3 பில்லியன் ரிங்கிட் செலவில் 2.4 பில்லியனை அரசு ஏற்றது. பொதுப்பணம் கலந்த வலையமைப்பும் முதலில் வாங்கும் ஆற்றல் உள்ள இடங்களுக்கே சென்றது என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

8. மீண்டும் ஒருங்கிணைவு

பல நிறுவனங்களோடு தொடங்கிய போட்டி நிலைக்கவில்லை. 1997, 1998ஆம் ஆண்டுகளின் ஆசிய நிதி நெருக்கடி, கடன் பெற்று வலையமைப்புக் கட்டிய நிறுவனங்களை உலுக்கியது. 2003இல் தெலிகோம் மலேசியா செல்கோமைத் தன்வயப்படுத்தியது. மேக்சிஸ் டைம்செல்லை வாங்கியது. 2008இல் தெலிகோம் தன் கைத்தொலைபேசிப் பிரிவைத் தனி நிறுவனமாக்க, அது பின்னர் அக்சியாத்தா எனப் பெயர் பெற்றது. 2022 இறுதியில் செல்கோமும் டிஜியும் இணைந்தன. ஐந்தாம் தலைமுறை வலையமைப்புக்கென 2021இல் அரசு ஒரே மொத்த நிறுவனத்தை அமைத்தது. பின்னர் இரண்டாவது வலையமைப்புக்கு இடமளித்து, 2024 நவம்பரில் யு மொபைல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. ஒரே வலையா, பல வலைகளா என்னும் 1980களின் வினா நாற்பது ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் எழுந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மலேசியத் தொலைத்தொடர்புத் தாராளமயம் நுகர்வோர் என்ற நிலையில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு மெய்யான பயன் அளித்தது. குறிப்பாகத் தோட்டப்புற மக்களுக்கு அரசுத் துறை கொண்டுவராத இணைப்பை முன்கட்டண அட்டை கொண்டுவந்தது. இரண்டாவதாக, பங்குடைமை என்ற நிலையில் கிடைத்த அரிய வாய்ப்பு, பொறுப்புக் கூறும் முறை வலுவற்றிருந்தமையால் சமூகத்தைச் சென்றடையவில்லை. மூன்றாவதாக, தமிழ்க் குடும்பங்களை நடுத்தர வகுப்பாக உயர்த்திய அரசுப் பணிக்கு ஈடான ஏணி எதனையும் புதிய சந்தை அமைத்துத் தரவில்லை.

வாங்குவோராக ஒரு சமூகத்தைச் சந்தை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. பணியாளராகவும் உடைமையாளராகவும் அச்சமூகம் இடம்பெற வேண்டுமாயின் கல்வியும் வெளிப்படையான நடைமுறையும் கணக்குக் கேட்கும் உரிமையும் தேவை. சமூகத்தின் பெயரால் ஒதுக்கீடுகள் கோரப்படும்போதெல்லாம் மைக்காவின் படிப்பினையை நினைவிற்கொள்வது நலம்.

தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் பலர் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் காஜாங்கிலும் வாழ்கின்றனர். 1987ஆம் ஆண்டு மாற்றத்தை நேரில் கண்ட தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. அவர்தம் நினைவுகளையும் சம்பள ஏடுகளையும் தொழிற்சங்க ஆவணங்களையும் மாணவரைக் கொண்டு திரட்டும் பணியை இந்திய ஆய்வியல் துறைகளும் தமிழாசிரியர்களும் விரைந்து மேற்கொள்ள வேண்டும். கம்பி இழுத்தவரின் வரலாறும் எழுதப்பட்டாலன்றி இந்நாட்டுத் தொலைத்தொடர்பு வரலாறு முழுமை பெறாது.